ஃபெட்-2: காய்ந்த கிரீஸை எடுத்த பிறகு

ஒரு ஃபெட்-2 கேமராவைப் பிரித்துச் சரிசெய்து படம் எடுத்த கதை இது. ஃபெட்-2 என்பது உக்ரைனின் கார்கிவ் நகரத்தில், சோவியத் காலத்தில், 1955 முதல் 1970 வரை தயாரான 35 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதாவது பார்வைத் துளையில் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாகப் பொருத்தித் தூரத்தைக் கணித்து ஃபோகஸ் செய்யும் வகை. சுமார் 16 லட்சம் வெளிவந்தன. என்னிடம் வந்து சேர்ந்தது செல்ஃப் டைமர் வைத்த பிந்தைய வகை. கூடவே இண்டஸ்டார்-26எம் லென்ஸ். மூன்று கோளாறுகளோடு வந்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப இரண்டு கையும் போட வேண்டியிருந்தது. ஷட்டர் துணியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள். ரேஞ்ச்ஃபைண்டரில் தெரியும் இரண்டு உருவங்களும் எந்தத் தூரத்திலும் பொருந்தவில்லை.

இப்படி ஒன்றைப் பார்த்ததும் "சோவியத் கேமரா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று கோளாறுக்கும் காரணம் வயசுதான். அறுபது வருஷத்து கிரீஸ் காயும், அறுபது வருஷத்து ரப்பர் பூசிய துணி வெடிக்கும், எந்த நாட்டுக் கேமராவானாலும் சரி. ஜெர்மன் கேமராவான லைக்காவை வைத்திருப்பவர் நல்ல மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, கணிசமான பணம் கொடுத்து சர்வீஸ் செய்துகொள்கிறார். ஃபெட்டுக்கு அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனசு வருவதில்லை, சர்வீஸ் கட்டணம் கேமரா விலையைத் தாண்டிவிடும் என்பதால். கடைசியில், சர்வீஸ் பார்த்த லைக்காவையும் பிறந்ததிலிருந்து திறக்கவே படாத ஃபெட்டையும் பக்கத்தில் வைத்து தரம் பேசுகிறோம்.

இது எங்கிருந்து வந்த கேமரா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிரிக்கும்போது அது உதவும். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1925-ல் லைக்காவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்கர் பர்னாக்கின் வடிவமைப்பு. ரேஞ்ச்ஃபைண்டரை உள்ளேயே வைத்த லைக்கா-2 வந்தது 1932-ல். இதற்கிடையே, உள்நாட்டுப் போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்தின் தெருக்களில் திரிந்த அநாதைப் பிள்ளைகளுக்காக 1927-ன் இறுதியில் கார்கிவில் ஒரு கம்யூன் (சேர்ந்து வாழும் இல்லம்) தொடங்கினார்கள். நடத்தியவர் கல்வியாளர் அந்தோன் மகரென்கோ. சோவியத் ரகசியக் காவல்துறையைத் தொடங்கிய ஃபெலிக்ஸ் எட்மந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் (Felix Edmundovich Dzerzhinsky) பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயரின் முதலெழுத்துகள்தான் ஃபெட் (FED). பிள்ளைகள் பாதி நாள் படித்தார்கள், பாதி நாள் பட்டறையில் வேலை செய்தார்கள். முதலில் மின்சாரத் துளைப்பான் செய்தார்கள். பிறகு லைக்கா-2-ஐப் பிரித்து, ஒவ்வொரு பாகமாக அளந்து, அதே மாதிரி கேமரா செய்யக் கிளம்பினார்கள். 1934-ல் தொடர் உற்பத்தி தொடங்கிவிட்டது. போருக்கு முன்பே ஒரு லட்சத்துக்கு மேல் செய்து முடித்திருந்தார்கள். பதின்பருவத்துப் பிள்ளைகள் ஓடியாடிய ஒரு பட்டறை, உலகத்திலேயே நுட்பமான கேமராக்களில் ஒன்றைச் செய்து காட்டியது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமான விஷயம்.

1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது தொழிற்சாலையைச் சைபீரியாவின் பெர்த்ஸ்க் நகரத்துக்கு மாற்றினார்கள். போருக்குப் பிறகு மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கிலும் இதே கேமராவைச் செய்தார்கள், அது பிறகு சோர்க்கி என்ற தனி வரிசையானது. கார்கிவ் தொழிற்சாலை மீண்டெழுந்து, 1955-ல் பழைய நகலை விட்டு விலகி, சொந்த வடிவமாகக் கொண்டுவந்ததுதான் ஃபெட்-2.

என்னென்ன மாற்றினார்கள் என்று பாருங்கள். பழைய ஃபெட்டில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, காட்சியைப் பார்க்க இன்னொரு துளை. ஃபெட்-2-ல் இரண்டும் ஒன்றே. பழையதில் ஃபிலிமை அடிப்பக்கம் வழியாகச் சொருக வேண்டும், முனையை நீளமாக வெட்டிக்கொள்ளவும் வேண்டும். இதில் அடிப்பக்கத்துச் சாவிகள் இரண்டையும் திருப்பினால் பின்மூடியும் அடிமூடியும் ஒரே துண்டாகக் கழன்று வந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் 38 மி.மீ.-லிருந்து 67 மி.மீ. ஆனது. இந்த இடைவெளி கூடக் கூட தூரம் கணிப்பது துல்லியமாகும். 1954-ல் வந்த லைக்கா எம்3-ல்கூட ஏறக்குறைய இவ்வளவுதான். எம்3-ன் பார்வைத் துளையில் உருப்பெருக்கம் அதிகம், ஆகவே துல்லியத்தில் அதுதான் ஒரு படி மேல், அதை மறுக்க முடியாது. ஆனால் சாதாரணச் சம்பளக்காரர் வாங்கும் கேமராவில் 67 மி.மீ. என்பது சின்ன விஷயமில்லை. ஃபெட்-3-லேயே அதைக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் ஃபெட் வரிசையில் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் 2-ஐ வாங்குங்கள் என்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் லென்ஸ். இண்டஸ்டார்-26எம் என்பது 52 மி.மீ., எஃப் 2.8. கார்ல் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1902-ல் உருவாக்கிய டெஸ்ஸார் வகையைச் சேர்ந்தது, மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள். இந்த வகை லென்ஸுக்குள் சிக்கலான எந்திரம் எதுவும் இல்லை. பின்பக்கத்தில் ஒரு பூட்டு வளையம் இருக்கிறது. அதில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் தெரியும். அதற்கேற்ற ஸ்பேனரை வைத்துத் திருகினால், கண்ணாடிகள் அடங்கிய முன்பகுதி முழுசாக வெளியே வரும். ஃபோகஸ் மரை கையில் தனியாக நிற்கும். வரும்போது நடுவில் மெல்லிய உலோக வளையம் ஒன்றும் சேர்ந்து வரும். அதைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. முடிவிலியில், அதாவது மிகத் தொலைவில் உள்ள பொருளுக்கு, ஃபோகஸ் சரியாக நிற்பதற்காகத் தொழிற்சாலையில் ஒவ்வொரு லென்ஸுக்கும் அளந்து வைத்த ஷிம் அது. ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்தேன்.

அடுத்தது ஃபோகஸ் மரை. இதில் பல வாய்கள் உண்டு, அதாவது மரை தொடங்கும் இடங்கள் பல. எந்த வாயில் நுழைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஃபோகஸ் மாறிவிடும். நிறுத்தத் திருகைக் கழற்றிய பிறகு வளையத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்து, மரை விடுபடும் அந்த இடத்தில் இரண்டு பாகத்திலும் கூரான ஊசியால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த கிரீஸ், ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இருந்தது. பழுப்பு நிறம், நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மரையின் ஒவ்வொரு பள்ளத்தையும் தேய்த்தேன். பித்தளையும் அலுமினியமும் பளபளவென்று வெளியே வந்த பிறகு, அந்தக் கடைசல் வேலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மரையின் விளிம்புகள் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றன. புது கிரீஸ் போடுவதற்கு முன்னால் உலர்ந்த நிலையிலேயே பொருத்திப் பார்த்தபோது ஆட்டம் துளியும் இல்லை. தரம் பற்றிச் சந்தேகப்படுபவர்கள் இந்த ஒரு பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாலே போதும்.

புது கிரீஸ் கொஞ்சமாகப் போட வேண்டும். லித்தியம் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, மரைமேல் ஒரு மெல்லிய படலமாக மட்டும் தடவினேன். அதிகமானால் வெயிலில் இளகி, ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்களுக்குப் போய்விடும், பிறகு கண்ணாடியிலும் ஆவியாகப் படியும். சென்னை வெயிலில் பையில் வைத்த கேமராவுக்கு இது நிச்சயம் நடக்கும். முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் லேசான பூஞ்சை இழைகளும் இருந்தன. லென்ஸ் துடைக்கும் தாளில் ஆல்கஹால் நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாகத் துடைத்ததில் போய்விட்டது. பூஞ்சை நாள்பட்டு இருந்தால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், அதை எதுவும் செய்ய முடியாது. இதில் அவ்வளவு தூரம் போகவில்லை.

எல்லாம் பொருத்தியதும் ஃபோகஸ் வளையம் ஒரே விரலில் நகர்ந்தது. எங்கே விட்டோமோ அங்கே நின்றது.

அப்புறம் ஷட்டர். இதுதான் வேலையின் மையம். ஃபெட்-2-ன் ஷட்டர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஃபிலிமுக்கு முன்னால், பக்கவாட்டில் ஓடும் இரண்டு துணித் திரைகள். முதல் திரை ஓடி ஃபிலிமைத் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே ஓடி வந்து மூடும். 1/30 வினாடியில் முதல் திரை முழுக்கத் திறந்த பிறகே இரண்டாவது கிளம்பும். வேகம் கூடக் கூட இரண்டாவது சீக்கிரமே கிளம்பிவிடும். 1/500-ல் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளவு மட்டும் ஃபிலிமின் குறுக்கே ஓடுகிறது. திரைகள் ஓடும் வேகம் எல்லா அமைப்பிலும் ஒன்றுதான், மாறுவது பிளவின் அகலம். இந்த ஃபெட்-2-ல் 1/30-க்குக் கீழே மெதுவான வேகங்கள் கிடையாது, பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் பி மட்டும் உண்டு. இதைக் குறை என்பார்கள். பிரித்துப் பார்ப்பவருக்கு இது வரம். மெதுவான வேகத்துக்கான பல்சக்கரத் தொகுதியே உள்ளே இல்லை, கெட்டுப்போக அங்கே ஒன்றும் இல்லை.

பின்மூடியைக் கழற்றி, லென்ஸையும் கழற்றி, அறையை முழுக்க இருட்டாக்கிவிட்டு, லென்ஸ் வாய் வழியாக டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். ஷட்டரை முடுக்கினால் முதல் திரை முன்னால் வந்து நிற்கும், விட்டால் இரண்டாவது திரை நிற்கும். ஆகவே இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். இரண்டாவது திரையில் ஒன்றிரண்டு பொட்டுகள்தான். முதல் திரையில் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கொத்தாக ஓட்டைகள், அவற்றில் ஒன்று மட்டும் பெரிதாக, விளிம்பு கருகிய மாதிரி இருந்தது. முடுக்கிய கேமராவை யாரோ லென்ஸ் மூடி போடாமல் வெயிலில் திறந்து வைத்திருக்கிறார்கள். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே ஒளியை மேலே திருப்பும் பிரதிபலிப்புக் கண்ணாடி இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அது இல்லை. லென்ஸ் சூரியனை நேராகத் துணிமேல் குவித்துப் பொசுக்கிவிடும். நம் ஊரில் இந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது, படம் எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடி போட்டே இருக்க வேண்டும்.

துணி முழுக்கப் பொரிந்து மொடமொடவென்று ஆகியிருந்தால் திரைகளையே மாற்ற வேண்டியிருக்கும். அது பெரிய வேலை. இங்கே துணி இன்னும் மிருதுவாகவே இருந்தது, மடிப்புகளில் விறைப்பு இல்லை. அதனால் ஓட்டையை அடைத்தால் போதும் என்று முடிவு செய்தேன். கைவினைக் கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபேப்ரிக் பெயிண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்து, மிக மெல்லிய பிரஷின் நுனியால் ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் வைத்தேன். திரை முழுக்கப் பூசினால் கனம் கூடும், உருளையில் சுற்றும்போது ஒட்டிக்கொள்ளும், ஓடும் வேகம் குறையும். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. காயாமல் ஷட்டரை விட்டால் திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிடும். கருகிய அந்தப் பெரிய ஓட்டைக்கு மட்டும் பின்பக்கமும் ஒரு பூச்சு தேவைப்பட்டது. திரும்ப டார்ச் அடித்தபோது இருட்டு முழுசாக இருந்தது.

அடுத்து ஓட்டம். உருளைகளின் முனைகளில் இருக்கும் பழைய எண்ணெய் பிசினாகியிருந்தால் ஒரு திரை மற்றதைவிட மெதுவாக ஓடும். அப்போது பிளவு போகப்போக அகலமாகும், அல்லது குறுகி நடுவழியிலேயே மூடிக்கொள்ளும். 1/500-ல் எடுத்த படத்தின் ஒரு ஓரம் கறுத்துப் போவது இதனால்தான். உருளை முனைகளில் ஊசி நுனியால் லைட்டர் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஷட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அது ஆவியான பிறகு கடிகார எண்ணெய் ஊசிமுனை அளவு வைத்தேன். சத்தமே மாறிவிட்டது. முன்பு ஓட்டத்தின் முடிவில் ஒரு இழுவை கேட்டது. இப்போது சுருக்கென்று முடிகிறது.

1/30-ஐச் செல்போனின் ஸ்லோ மோஷனிலேயே சோதிக்கலாம். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனில், கேமரா வழியாகத் தெரியும் விளக்கு சுமார் 8 ஃபிரேம்களுக்கு ஒளிர வேண்டும். அதற்கு நெருக்கமாகவே வந்தது. வேகமான அமைப்புகளுக்கு இந்த முறை உதவாது, ஃபிலிமில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் திரைகளின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் இருக்கின்றன, பக்கத்திலேயே பூட்டுத் திருகுகளும். இணையத்தில் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். நான் தொடவில்லை. சுத்தம் செய்யாத ஷட்டரின் இழுவிசையைக் கூட்டுவது, பிரேக் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற வேலை. சுத்தம் செய்து, படம் எடுத்து, அப்போதும் ஓரம் கறுத்தால் மட்டும் கால் திருப்பம் திருப்பலாம்.

லென்ஸ் மவுண்டையும் கழற்றவில்லை. அதற்குக் கீழே தாள் போன்ற மெல்லிய ஷிம்கள் இருக்கும். மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. என்ற தூரத்தைக் காப்பாற்றுவது அவைதான். ஒன்று தவறினாலும் எல்லாப் படமும் மங்கும். அதைத் திறக்க வேண்டிய அவசியம் இதில் வரவில்லை.

கடைசியாக ரேஞ்ச்ஃபைண்டர். மொட்டைமாடிக்குப் போய், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் செல்போன் கோபுரத்தைக் குறியாக வைத்துக்கொண்டேன். லென்ஸ் முடிவிலியில். மஞ்சள் சாயலுள்ள சின்ன வட்டத்துக்குள் கோபுரம் பக்கவாட்டிலும் விலகியிருந்தது, மேலே கீழேயும் விலகியிருந்தது. மேல்கீழ் விலகலைச் சரிசெய்ய, ரேஞ்ச்ஃபைண்டரின் சின்னத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஆப்புக் கண்ணாடியைச் சுழற்ற வேண்டும். பக்கவாட்டுக்குத் தனியாக ஒரு திருகு, அதை மூடி இன்னொரு சின்னத் திருகு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் நகரும். மாற்றி மாற்றிப் பொறுமையாகக் கொண்டுவர வேண்டும். மாடியில் காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது, வெப்பக் காற்றில் கோபுரம் ஆட ஆரம்பித்தால் எதுவும் பிடிபடாது.

முடிவிலி பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கிட்டத்தையும் பார்க்க வேண்டும். பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஷட்டரைப் பி-யில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு மீட்டர் தூரத்தில் அச்சிட்ட தாளைத் தொங்கவிட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அக்கா மகன் வந்து ஷட்டரைப் பிடித்துக்கொண்டான். "மாமா, எல்லாம் தலைகீழாத் தெரியுது" என்று கத்தினான். லென்ஸ் அப்படித்தான் காட்டும்டா என்று சொல்லிக்கொண்டே எழுத்து கூர்மையாகும் இடத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டு, ரேஞ்ச்ஃபைண்டர் வழியாகப் பார்த்தபோது அங்கே உருவம் இன்னும் பொருந்தவில்லை.

இங்கேதான் ஃபெட்டின் ஒரு சின்னப் பாகம் பற்றிச் சொல்ல வேண்டும். லென்ஸ் வாய்க்குள் மேலே பார்த்தால் ஒரு நெம்புகோல் தெரியும். லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டு, ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்வது அது. லைக்காவில் அதன் நுனியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். ஃபெட்டில் ஆப்பு வடிவ நுனி. அந்த ஆப்பைச் சற்றே திருப்பினால் கிட்டத்து ஃபோகஸ் மாறும். திருப்பினேன், திரும்ப மாடிக்குப் போய் முடிவிலியைச் சரிபார்த்தேன், திரும்பக் கீழே வந்து ஒரு மீட்டர். இரண்டும் ஒருசேரப் பொருந்தும் வரை இப்படியே போய் வந்தேன். பழைய ஃபெட், சோர்க்கி கேமராக்களின்மேல் லைக்கா என்று பொறித்து, ஜெர்மன் ராணுவ முத்திரை போட்டு, தங்க நிறம் பூசி விற்கும் போலிகள் சந்தையில் ஏராளம். அவற்றைக் கண்டுபிடிக்கவும் இந்த நுனிதான் சுலபமான அடையாளம். லென்ஸைக் கழற்றிப் பாருங்கள், சக்கரம் இல்லாமல் ஆப்பு இருந்தால் அது சோவியத் கேமரா. போலி என்பதால் அது மோசமான கேமராவாகிவிடாது, லைக்கா விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

ஃபிலிமுக்கு இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் எடுத்துக்கொண்டேன், ஐஎஸ்ஓ 125. காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து சோவியத் அமெச்சூர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது உக்ரைனின் ஷோஸ்ட்காவில் தயாரான ஸ்வேமா மாதிரியான மெதுவான, அதாவது ஒளி உணர்திறன் குறைந்த ஃபிலிம். ஃபோட்டோ-65 என்பது இன்றைய கணக்கில் 80-ஐ ஒட்டியது. இந்தக் கேமரா வளர்ந்தது அந்த மாதிரி ஃபிலிமோடு. 400 ஃபிலிம் போட்டால் நம் வெயிலில் எப்போதும் 1/500, எஃப் 16 என்று முட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஷட்டர் சற்று மெதுவாக ஓடக்கூடிய வேகமும் அதுதான். 125 ஃபிலிமில் உச்சி வெயிலுக்கு 1/125, எஃப் 16. நிழலுக்கு வந்தால் எஃப் 5.6. ஃபெட்-2-ல் ஒளிமானி கிடையாது, ஆனால் வெயில் நிலையாக இருக்கும் ஊரில் இந்தக் கணக்கு பிசகாது. ஒரு பழக்கம் மட்டும் கட்டாயம்: முதலில் ஷட்டரை முடுக்க வேண்டும், பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். வேகச் சக்கரம் ஷட்டரோடு சேர்ந்து சுற்றுவதால், முடுக்கிய பிறகுதான் எண் சரியான இடத்தில் நிற்கும். மெதுவான வேகங்களும் உள்ள ஃபெட்-3, சோர்க்கி-4 போன்றவற்றில் இந்த வரிசையை மாற்றினால் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

டி-76 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 20 டிகிரியில் 11 நிமிடம். சென்னையில் குழாய்த் தண்ணீர் அந்த வெப்பநிலைக்குத் தானாக வராது, ஐஸ் கட்டி போட்ட பாத்திரத்துக்குள் டெவலப்பர் பாட்டிலை நிற்க வைத்து இறக்கினேன். நெகட்டிவைக் காயப்போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது முதலில் தேடியது கறுப்புப் பொட்டு. துணியில் ஓட்டை இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அது வரும். எங்கும் இல்லை. 1/500-ல் வெறும் வானத்தை எடுத்த ஃபிரேமில் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அடர்த்தி. இழுவிசைத் திருகைத் தொடாமல் விட்டது சரிதான். எஃப் 2.8-ல், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் எடுத்த முகத்தில் கண் இமை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. எஃப் 8-ல் எடுத்த தெருவில் கடைப் பலகையின் சின்ன எழுத்துகள் ஓரம் வரை படிக்க முடிந்தன. வெயிலுக்கு எதிரே பிடித்த படங்களில் மட்டும் ஒரு வெளிறல். லென்ஸ் குழாயின் உட்பக்கம் பளபளப்பாக இருப்பது அதற்கு ஒரு காரணம். அங்கே மேட் கறுப்புப் பூச வேண்டும், அடுத்த வேலை அது.

இந்தப் படங்களைப் பார்த்த பிறகு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. சோவியத் கேமரா என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது வெளிச்சம் கசிந்த, நிறம் திரிந்த, ஓரம் இருண்ட படங்கள். அந்த அழகை விரும்புபவர்கள் விரும்பட்டும். ஆனால் ஃபெட்டைச் செய்தவர்கள் நோக்கம் அதற்கு நேர் எதிரானது. கூர்மையான, நம்பகமான 35 மி.மீ. படம், லென்ஸ் மாற்றிக்கொள்ளும் வசதியோடு, பாக்கெட்டில் போகும் அளவில், சாதாரண மனிதர் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அது. லைக்கா தொடங்கி வைத்த படம் எடுக்கும் முறையை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோனது இந்த வரிசைதான். அந்த வீடுகளில் குளியலறையை இருட்டாக்கி, தாங்களே ஃபிலிம் கழுவி, தாங்களே பிரின்ட் போட்டார்கள். ஒரு நாட்டின் குடும்ப ஆல்பங்கள் பெரும்பகுதி இப்படிக் கையால் உருவானவை. புகைப்பட வரலாற்றில் பெயர் பெற்ற படங்களை மட்டும் எண்ணினால் ஃபெட்டுக்குப் பெரிய இடம் கிடைக்காது. புகைப்படம் யார் யார் கைக்குப் போனது என்று எண்ணினால் முன்வரிசையில் வைக்க வேண்டும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இப்போது இந்தக் கேமராக்களை வாங்குபவர்களில் பலர் லென்ஸை மட்டும் கழற்றி, எம்39 (இந்த லென்ஸின் மரை அளவு) அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக்கொள்கிறார்கள். லென்ஸ் நல்ல லென்ஸ், அதில் தவறில்லை. உடல் மட்டும் லென்ஸ் வாய் திறந்தபடி அலமாரியில் தூசி தின்கிறது. அந்த உடலுக்குத் தேவை ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்சம் கறுப்புப் பெயிண்ட், ஒரு சின்னத் திருப்புளி, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொறுமை. இன்று வரும் எந்தக் கேமராவையும் வீட்டு மேசையில் இப்படித் திறந்து மூட முடியாது.

வாங்க நினைப்பவர்கள் நேரில் பார்க்க முடிந்தால் பின்மூடியைக் கழற்றி ஷட்டர் துணியை முதலில் பாருங்கள். விரலால் அழுத்த வேண்டாம், ஷட்டரை முடுக்கும்போது துணி மடிப்பில்லாமல் சுருள்கிறதா என்பதைக் கவனித்தாலே மிருதுவா மொடமொடப்பா என்று தெரிந்துவிடும். ஃபோகஸ் வளையம் இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம், ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருந்தாலும் பயப்பட வேண்டாம், இரண்டும் சரியாகும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டாவது உருவமே தெரியாத அளவுக்கு மங்கியிருந்தால் மட்டும் யோசியுங்கள், உள்ளே பாதி பிரதிபலிக்கும் பூச்சு போயிருக்கலாம், அதைத் திரும்பப் பூச வீட்டில் வழியில்லை. வாங்கிய பிறகு, வைக்கும்போது ஷட்டரை முடுக்கிய நிலையில் விட்டுவிடாதீர்கள், ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ஈரக் காற்று உள்ள ஊரானால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டுங்கள்.